ஏழு நாள் இருக்கை

துப்பறிகிறவர்கள் சந்து பொந்தெல்லாம் பாய்ந்து ஓடுவார்கள் என்று எவனோ கிளப்பி விட்டிருக்கிறான். குமாஸ்தாவுக்கு அன்று காலை வீட்டு வாசலில் மூன்று படி இறங்கவே முட்டி இடம் கொடுக்கவில்லை.

நீதிமன்றத்தில் இருபத்தெட்டு வருடம் நகல் எழுதி ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் ‘குமாஸ்தா’ என்ற பெயர் போகவில்லை. காணாமல் போனவர்களைத் தேடிக் கொடுக்கும் இந்த இரண்டாவது வேலை அவர் கேட்டு வந்ததல்ல. ஊர் அப்படி. நிம்மதி தேடி வருடம் முழுவதும் பஸ் பஸ்ஸாக யாத்ரிகர்கள் வந்து இறங்குகிற ஊர் அது. இறங்குகிறவர்களில் தினம் ஒருவராவது தொலைந்து போவார். முக்கால்வாசிப் பேர் சாயங்காலத்துக்குள் ஏதாவது டீக்கடை பெஞ்சில் கிடைத்துவிடுவார்கள். கிடைக்காதவர்களுக்குக் குமாஸ்தா.

கூட நடந்தவன் அவர் மனைவியின் தம்பி. முப்பத்தைந்து வயது. கைக்கடிகாரம் பழுது பார்க்கும் தொழில் படுத்த பிறகு அத்தானுக்கு எடுபிடியாக வந்து சேர்ந்தவன். வாயை மூட வழியே இல்லை என்று அவன் அக்காவே ‘ரேடியோ’ என்று பெயர் வைத்திருந்தாள்.

“அத்தான், இந்த மாசத்துல இது மூணாவது. பேசாம எல்லாரையும் கயித்துல கட்டி உள்ள அனுப்பச் சொல்லுவோம். ஆடு மாடெல்லாம் தொலையுதா பாருங்க” என்றான்.

குமாஸ்தா சுவரைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடி வைத்தார். பதில் சொல்வதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

காணாமல் போனவன் ஒரு மெக்கானிக். கருகிப் போன மோட்டார்களுக்கு மறுபடி கம்பி சுற்றிக் கொடுப்பவன். நான்கு நாளைக்கு முன்னால் மனைவியோடு குழுவாகப் பஸ்ஸில் வந்தான். மனைவி ஆரம்பப் பள்ளி டீச்சர். அவள் கோயிலின் பெரிய வாசலுக்கு வெளியே பைகளைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவன் செருப்பைக் கழற்றி ஸ்டாண்டில் விட்டுவிட்டு உள்ளே போனான். திரும்பவே இல்லை. பஸ் அவளை விட்டுவிட்டுக் கிளம்பிப் போனது. செல்போன் அணைந்து கிடந்தது. உள்ளே ஆழமான குளம் ஒன்று இருந்தது. செருப்பு இங்கே, ஆள் இல்லை, குளம் பின்னால் என்று கூட்டிப் பார்த்த இன்ஸ்பெக்டர், இரண்டு நாள் ஆட்களை விட்டுத் தேடிவிட்டு, இன்று சாயங்காலம் நான்கு மணிக்கு ‘நீரில் மூழ்கியிருக்கலாம்’ என்று எழுதி மேலே அனுப்பப் போவதாகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்தத் தாள் மெக்கானிக்கின் ஊர் போலீஸுக்குப் போகும். அங்கே பக்கத்து வீட்டில் அவர்களுடைய பன்னிரண்டு வயது மகள் இருக்கிறாள்.

செருப்பு ஸ்டாண்டு பெரிய வாசலுக்கு இடது பக்கம், மெழுகுத் தெருவின் முனையில் இருந்தது. மரத் தட்டுகள், தகர டோக்கன்கள், ஒரு முக்காலி. முக்காலியில் ஸ்டாண்டுக்காரன். மெக்கானிக்கின் வயதுதான் அவனுக்கும் இருக்கும். போலீஸிடம் சொன்னதையே ஒரு எழுத்து மாறாமல் குமாஸ்தாவிடமும் சொன்னான். வந்தார், விட்டார், டோக்கன் வாங்கினார், போனார். அவ்வளவுதான் தெரியும். செருப்பைக் கேட்டதும் முன்வரிசையில் மேல் தட்டைக் காட்டினான்.

குமாஸ்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தட்டுகளையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ரேடியோவைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிவந்தார்.

“என்ன பாத்தே?”

“நூறு ஜோடி செருப்பு. ஒண்ணு கூட என் சைஸ் இல்ல.”

“எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சு?”

ரேடியோ திரும்பிப் போய், செருப்பு விடுகிறவன் போல நின்று பார்த்துவிட்டு வந்தான். யாத்ரிகர்களின் செருப்புகள் எல்லாம் விரல் பக்கம் சுவரைப் பார்த்து இருந்தன. ஏழெட்டு ஜோடி மட்டும் தெருவைப் பார்த்து இருந்தன. அதில் ஒன்று மெக்கானிக்குடையது.

தெருவைப் பார்த்திருப்பவை மெழுகுத் தெருக்காரர்களுடையவை என்று குமாஸ்தா விளக்கினார். அந்தத் தெருவில் கடை வைத்திருப்பவர்கள் தெருவுக்குள் செருப்புப் போடுவதில்லை. காலையில் ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் போவார்கள். டோக்கன் கிடையாது, வந்ததும் காலை நுழைத்துக்கொண்டு போக வசதியாக ஸ்டாண்டுக்காரன் செருப்பைத் திருப்பி வைக்கிறான். கை பழக்கத்தில் செய்கிற வேலை. வாய் பொய் சொல்லும்போது கை கூடவே சொல்ல மறந்துவிட்டது.

“அதோட இன்னொண்ணு. மூணு நாள் ஆன செருப்பெல்லாம் பின்னாடி சாக்குக்குப் போயிடும். இது முன்வரிசையில இருக்கு. தூசி கூட இல்ல.”

“செத்தவன் செருப்பை யாரு அத்தான் தினம் தொடைச்சு வைப்பா?”

“அதான். யாரும் வைக்க மாட்டாங்க.”

வாசலுக்கு எதிரே கல் மேடையில் டீச்சர் உட்கார்ந்திருந்தாள். நான்கு நாளும் அதே இடம். அழுது முடித்துவிட்ட முகம். குமாஸ்தா அவளுக்குப் பக்கத்தில், தன் முட்டிக்கும் ஓய்வு என்று உட்கார்ந்தார். செருப்பு விஷயத்தைச் சொல்லவில்லை. பாதி நம்பிக்கை கொடுத்துவிட்டுப் பிடுங்குவதை அவர் பலமுறை பார்த்திருக்கிறார். கணவன் இந்த ஊரில் எப்படி நடந்துகொண்டான் என்று மட்டும் கேட்டார்.

கல்யாணம் ஆகி பதினான்கு வருடமாக இந்த ஊருக்குப் போகலாம் என்று அவள்தான் கேட்டுக்கொண்டிருந்தாளாம். ஒவ்வொரு தடவையும் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்திருக்கிறான். போன வாரம் திடீரென்று அவனே பஸ்ஸில் இடம் பிடித்துவிட்டு வந்து நின்றான். இங்கே இறங்கியதும் யாரிடமும் வழி கேட்காமல் ஒரு குறுக்குச் சந்து வழியாக அவளை மெழுகுத் தெருவுக்குக் கூட்டிவந்தான்.

“மெழுகுவர்த்தி வாங்கினீங்களா?”

“வாங்கினோம். முதல் கடையில படியேறிட்டேன். பக்கத்துக் கடையிலயும் விலை கேட்டுப் பாக்கலாம்னு திரும்பினேன், கையைப் பிடிச்சு இழுத்துட்டாரு. ஒரு கடையில படியேறிட்டா அங்கதான் வாங்கணும், பக்கத்துக் கடைக்காரன் உனக்கு விக்கவே மாட்டான்னாரு. அதே மாதிரி பக்கத்துக் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கிட்டாரு.”

ரேடியோவும் குமாஸ்தாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரிலேயே பிறந்த ரேடியோவுக்கே அந்தத் தெருவில் இரண்டு தடவை முகம் திருப்பப்பட்ட பிறகுதான் அந்தக் கட்டுப்பாடு தெரிந்தது. முதல் தடவையாக வந்தவனுக்கு எப்படித் தெரியும்?

குமாஸ்தா கடைசியாக ஒன்று கேட்டார். சொந்தக்காரர்கள் யாராவது இந்தப் பக்கம் உண்டா?

“அவருக்கு யாருமே இல்ல” என்றாள் டீச்சர். “அப்பா அம்மா சின்ன வயசுலயே போயிட்டாங்க. கூடப் பொறந்தவங்களும் இல்ல. கல்யாணத்துல அவர் பக்கம் வேலை செஞ்ச கடை முதலாளிதான் நின்னாரு.”

மெழுகுத் தெருவில் பதினேழு கடைகள். எல்லாவற்றிலும் ஒரே சரக்கு, ஒரே விலை. கூவி அழைப்பது கிடையாது. ஒவ்வொரு கடைக்கும் முன்னால் திரிகளை ஒன்றாக முடிச்சுப் போட்ட மெழுகுவர்த்திகள் கொத்துக் கொத்தாகத் தொங்கித் திரை மாதிரி மறைத்துக்கொண்டிருக்கும். வாங்க வருகிறவனுக்குத் திரைக்குக் கீழே கடைக்காரனின் இரண்டு கைகள் தெரியும், அவ்வளவுதான். முகத்தைப் பார்த்து வியாபாரம் செய்கிற தெரு இல்லை அது. போட்டோவை எடுத்துக்கொண்டு போலீஸ் ஒரு தடவை போயிருந்தது. பதினேழு கடையிலும் ‘பார்த்ததில்லை’ என்ற ஒரே பதில். ஒரே விலை மாதிரி.

உள்ளே போய்க் கேட்டுப் பயனில்லை என்று குமாஸ்தாவுக்குத் தெரியும். ஒரு கடைக்காரனைப் பற்றி இன்னொருவன் வெளியாளிடம் பேச மாட்டான். முகமும் தெரியாது, வாயும் திறக்காது. மிச்சம் கைதான்.

ரேடியோவிடம் காசைக் கொடுத்து, பதினேழு கடையிலும் ஒவ்வொரு கட்டு வாங்கி வரச் சொன்னார்.

“ஒரு கடையில ஏறினா அடுத்த கடைக்காரன் விக்க மாட்டான்னு இப்பதானே அத்தான் பேசினோம்.”

“தெரு முனைக்கு வந்துட்டு மறுபடி போ. புதுசா வந்த கணக்கு.”

“பதினேழு தடவையா?”

“எனக்கு முட்டி வலி.”

ரேடியோ போனான். ஒன்றரை மணி நேரம் கழித்து, டீச்சர் தங்கியிருந்த விடுதி அறைக்கு, மார்போடு மெழுகுவர்த்திகளை அணைத்துக்கொண்டு, வியர்த்து ஒழுக வந்து சேர்ந்தான். பத்தாவது தடவையில் தெருவே தன்னைப் பெரிய பாவி என்று முடிவு கட்டிவிட்டதாகவும், ஒரு பெரியவர் தோளைத் தட்டி எல்லாம் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொன்னதாகவும் புலம்பினான். கட்டுகளைக் கட்டிலில் வரிசையாகப் பரப்பினான். இரும்புக் கட்டில், ஒரு ஜன்னல், மூலையில் மெக்கானிக்கின் பை. நான்கு நாளாக அதன் ஜிப்பைக் கூட டீச்சர் திறக்கவில்லை.

குமாஸ்தா சுவரில் சாய்ந்து நின்றார். டீச்சர் கட்டுகளை வெறித்துப் பார்த்தாள். இது எதற்கு என்று கேட்க வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கை நீட்டி, கடைசிக்கு முந்தின கட்டை எடுத்தாள்.

மற்ற பதினாறும் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டவை. இழுத்தால் அவிழும். இதில் முடிச்சே இல்லை. மூன்று சுற்றுச் சுற்றி, நுனியைச் சுற்றுகளுக்கு அடியில் விட்டு இழுத்து இறுக்கியிருந்தது. மோட்டாரின் கம்பிச் சுருள் நகராமல் இருக்க அப்படித்தான் கட்டுவார்கள்.

“பொண்ணோட புஸ்தகத்தைக் கூட இப்படித்தான் கட்டிக் குடுப்பாரு” என்றாள். குரல் மெல்லியதாக வந்தது. “பல்லால கூட அவுக்க முடியாது. கத்திரிதான் வேணும்.”

பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். உயிரோடு இருக்கிறான் என்பது முதலில் புரிந்தது. உயிரோடு, கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்து, நான்கு நாள் தன்னை அந்தக் கல் மேடையில் கிடக்க விட்டிருக்கிறான் என்பது அடுத்ததாகப் புரிந்தது. இரண்டும் ஒரே முகத்தில் வந்து போனதைப் பார்க்கப் பிடிக்காமல் குமாஸ்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இது எந்தக் கடை?” என்று கேட்டாள்.

பதினாறாவது கடை என்றான் ரேடியோ.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. பதினாறாவது கடையின் திரைக்குக் கீழே இரண்டு கைகள் தெரிந்தன. வலது கட்டைவிரல் நகம் கம்பி பட்டுக் கறுத்திருந்தது. டீச்சர் படியேறினாள். கைகள் வழக்கம் போல ஒரு கட்டை எடுத்து நீட்டின. அவள் வாங்கவில்லை. தொங்கிய மெழுகுவர்த்திகளைப் புறங்கையால் ஒதுக்கினாள்.

மீசையை எடுத்திருந்தான். தலைமுடியையும் ஒட்ட வெட்டியிருந்தான். ஆனால் பதினான்கு வருடம் பார்த்த முகம். எழுந்திருக்கப் பார்த்தவன், எழுந்திருக்காமல் தான் உட்கார்ந்திருந்த பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

டீச்சர் தன் செல்போனில் ஒரு எண்ணை அழுத்தி அவனிடம் நீட்டினாள்.

“முதல்ல அவகிட்டப் பேசுங்க. அப்பா குளத்துல விழுந்துட்டாருன்னு பஸ்ல வந்தவங்க அவகிட்டச் சொல்லிட்டாங்க.”

அவன் வாங்கிக் காதில் வைத்தான். மகள் பேரைச் சொல்ல ஆரம்பித்து முடிக்க முடியவில்லை. அந்தப் பக்கம் அழுகையா பேச்சா என்று புரியாத சத்தம் கேட்டது. “நான்தான்டா, அப்பாதான், நல்லா இருக்கேன்” என்றே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கடையின் உள்ளறையிலிருந்து, கைகளில் மெழுகு காய்ந்த ஒரு பெண் வந்து கதவோரம் நின்றாள். அவனுடைய மூக்கு, அவனுடைய நெற்றி. தங்கை.

கதையைப் பாதி அவனும் மீதியைத் தங்கையும் சொன்னார்கள். இருபது வயதில் அப்பா அவனை இதே படியிலிருந்து, தெருவே பார்க்க, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறார். கடையில் உட்கார மாட்டேன், மோட்டார் வேலைக்குப் போவேன் என்றதுதான் குற்றம். அன்றோடு தனக்கு யாரும் இல்லை என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தவன், கல்யாணத்திலும் அதையே சொன்னான். சொன்ன பொய்யைத் திருப்பி வாங்க நாள் பார்த்துப் பார்த்துப் பதினான்கு வருடம் ஓடிவிட்டது. போன மாதம் அப்பா செத்துப் போனார். தங்கைக்குப் புருஷனும் இல்லை. இருபது வருடமாக உள்ளறையில் மெழுகு காய்ச்சி வார்ப்பவள் அவள். ஆனால் அந்தத் தெருவின் கட்டுப்பாட்டில் மகள் இருக்கையில் உட்காரக் கூடாது. செத்தவரின் மகன் முப்பது நாளுக்குள் வந்து, ஏழு நாள் தெருவைத் தாண்டாமல் இருக்கையில் உட்கார்ந்தால்தான் கடை குடும்பத்தில் நிற்கும். இல்லையென்றால் கடைக்காரர்கள் சங்கத்துக்குப் போய்விடும். பழைய சிநேகிதனான ஸ்டாண்டுக்காரன்தான் போன் போட்டிருக்கிறான்.

“ஒரு நாள் வந்து முகத்தைக் காட்டிட்டு, பேரை எழுதிட்டு உன்னோடயே பஸ் ஏறிடலாம்னுதான் வந்தேன்” என்றான் மெக்கானிக். “கோயில் பின்வாசல் வழியா இங்க வந்தப்புறம்தான் ஏழு நாள்னாங்க. எந்திரிச்சா இவ நடுத்தெருவுல. வெளியே வந்து உன்கிட்ட என்னன்னு சொல்றது? நாளைக்குச் சொல்லி அனுப்பலாம், நாளைக்குச் சொல்லி அனுப்பலாம்னு…”

“நான் அந்தக் கல்லுல உக்காந்திருந்தது தெரியுமா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தெரியும்.

குமாஸ்தா நேரத்தைப் பார்த்தார். மூன்று. நான்கு மணிக்குள் இவன் நேரில் ஸ்டேஷனில் நிற்காவிட்டால் தாள் கிளம்பிவிடும், பிறகு செத்தவனை உயிராக்க ஆறு மாதம் அலைய வேண்டும் என்றார். இன்ஸ்பெக்டரை இங்கேயே கூட்டிவந்துவிடலாமே என்றான் ரேடியோ. தங்கை பதறிப் போனாள். போலீஸ் தேடி வந்து ஆளைக் கண்டுபிடித்த கடையைச் சங்கம் அன்றே எடுத்துக்கொள்ளும். அவன் போனாலும் இருக்கை காலி. இருந்தாலும் வம்பு, எழுந்தாலும் வம்பு.

குமாஸ்தா படியிலேயே உட்கார்ந்தார். களைப்பாக இருந்தது. இந்தத் தெருவின் கட்டுப்பாடுகள் முழுவதையும், பழைய வழக்கு ஒன்றுக்காக, மூன்று பிரதி கையால் எழுதியவர் அவர். கண்ணை மூடினால் இன்னமும் வரி வரியாகத் தெரியும்.

“இன்னொரு வழி இருக்கு” என்றார். “உக்கார வேண்டியது மகன். அவனால முடியாத நேரத்துல அவன் சம்சாரம் உக்காரலாம். கோர்ட்டே ஒத்துக்கிட்டது. ஆனா அம்மா, நான் உங்களை உக்காரச் சொல்லல. எழுதியிருக்கறதைச் சொன்னேன். நாலு நாளா நீங்க பட்டதைப் பாத்தவன் நான்.”

தங்கை சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பில்லை. “பொறந்த பொண்ணு உக்காரக் கூடாது. வந்த பொண்ணு உக்காரலாம். நல்ல சட்டம்.”

டீச்சர் அந்தப் பெண்ணின் கைகளைப் பார்த்தாள். விரல் முட்டிகளில் கொப்புளம் வெடித்துக் காய்ந்த தழும்புகள், ஒன்றின் மேல் ஒன்றாக. பிறகு கணவனைப் பார்த்தாள்.

“எந்திரிங்க.”

அவன் எழுந்தான். பலகை காலியாவதற்குள் அவள் பக்கவாட்டில் நகர்ந்து உட்கார்ந்துவிட்டாள். ரேடியோ மூச்சை விட்டான்.

“இங்க பாருங்க” என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். “இப்ப நான் ஒண்ணுமே கேக்கப் போறதில்ல. போயிட்டு, உயிரோட இருக்கேன்னு எழுதிக் குடுத்துட்டு வாங்க. இந்த ஏழு நாள் முடியட்டும். அப்புறம் பதினாலு வருஷத்துக்கும் சேத்துக் கேக்கறேன். ஒண்ணு விடாம பதில் சொல்லணும்.”

அவன் தலையாட்டினான். ரேடியோ அவனைக் கையைப் பிடித்துக் குறுக்குச் சந்து வழியாக இழுத்துக்கொண்டு போனான். போகிற போக்கில், இன்ஸ்பெக்டரிடம் என்ன காரணம் சொல்லலாம் என்று நான்கைந்து யோசனை சொல்வது தெரு முனை வரை கேட்டது. எல்லாமே கேனத்தனமானவை.

குமாஸ்தா படியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அவரும் ஸ்டேஷன் வரை நடக்க வேண்டும்.

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு யாத்ரிகக் கிழவர் வந்து நின்று, கட்டு என்ன விலை என்று கேட்டார். டீச்சருக்குத் தெரியவில்லை. ஒரு கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தடுமாறினாள்.

“இருபது, அண்ணி” என்றது உள்ளறைக் கதவோரக் குரல்.

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். யாருமில்லாதவனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளை ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, பலகையில் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்து, கட்டைத் திரைக்கு வெளியே நீட்டினாள்.

“இருபது” என்றாள், கடைசி பெஞ்சு வரை கேட்கிற குரலில்.